குட்டையைச் சுற்றிக் கள்ளி: மாரண்டஹள்ளிப் பக்கம் போய்வந்த கதை

சேலத்தில் மொட்டை மாடியில் கள்ளிச்செடி வளர்ப்பவள் நான். தட்டில் மணலும் கல்லும் பரப்பி, குட்டிக் கள்ளிகளை நட்டு, சின்னப் பாலைவனம் ஒன்றை உருவாக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் உண்டு. என் கல்லூரித் தோழி சுமதி மாரண்டஹள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஏழாம் வகுப்பு ஆசிரியை. போன ஜனவரியில் அவள்தான் கூப்பிட்டாள். "பசங்க ரெண்டு மாசமா சரியா சிரிக்கறதே இல்ல. ஒரு நாள் வந்துட்டுப் போ" என்றாள். காரணத்தைப் போனில் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். தர்மபுரிக்கு ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பாலக்கோடு வழியாக மாரண்டஹள்ளிக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம். முப்பது செடிகளை இரண்டு தக்காளிப் பெட்டிகளில் அடுக்கி மடியிலும் காலடியிலும் வைத்திருந்தேன். பாலக்கோட்டில் ஏறிய ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தக்காளின்னு நெனச்சனுங்க, முள்ளா இருக்குது" என்று ஒரு சீட் தள்ளி உட்கார்ந்தார்.

மாரண்டஹள்ளியிலிருந்து பள்ளி ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். வழியில் ஒரு வளைவில், கல் குவாரிக் குழி நிறையப் பச்சையாகத் தண்ணீர் நின்றது. பார்க்க அழகாக இருந்தது. படம் எடுக்கலாமென்று நிறுத்தச் சொன்னேன்.

"வேணாங்கம்மா, எறங்காதீங்க" என்றார் ஓட்டுநர். கொஞ்ச தூரம் போனபிறகு அவரே சொன்னார். "தீவாளி லீவுல ஒரு பையன் உழுந்துட்டான். நாலாவது படிச்சவன். கல்லு எடுத்தவங்க அப்படியே உட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு வேலி கெடையாது."

பள்ளி வாசலில் சுமதி மிச்சத்தைச் சொன்னாள். அந்தப் பையனின் அக்கா பவித்ரா அவள் வகுப்பில்தான் படிக்கிறாள். "அவ எதுவும் செய்யலன்னா வற்புறுத்தாத."

நான்கு பேருக்கு ஒரு தட்டு. செய்தித்தாளை நீளமாக மடித்து, கள்ளியின் இடுப்பில் சுற்றிப் பிடித்தால் முள் குத்தாது என்று காட்டினேன். மணலைக் காற்று அடித்த மாதிரி எப்படி ஒதுக்குவது, பெரிய கல்லைப் பாதி புதைத்தால் அது ஏன் மலை மாதிரி தெரிகிறது என்பதையெல்லாம் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். பவித்ரா கடைசி வரிசையில் கையைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

பாலைவனச் சுனையில் தண்ணீராக வைக்க, ஓரத்தில் டேப் ஒட்டிய வட்டக் கண்ணாடிகள் கொண்டு போயிருந்தேன். தட்டுக்கொன்று வாங்கிப் போனார்கள். பவித்ராவின் தட்டில் ஒரு பெண் கண்ணாடியை நடுவில் வைத்ததும் அவள் அதைப் பிடுங்கினாள்.

"தண்ணி வேணாம்."

"மிஸ்ஸு வெக்கச் சொன்னாங்கடி."

"வேணாம்னா வேணாம்."

சுமதி எழுந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. பவித்ரா கண்ணாடியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அவளே அதை மணலில் பதித்தாள். தட்டில் இருந்த நான்கு கள்ளிகளையும் பிடுங்கி, கண்ணாடியைச் சுற்றி நட்டாள். போதவில்லை. பக்கத்துத் தட்டைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைகள் ஒன்றும் கேட்காமல் தங்கள் செடிகளை எடுத்துக் கொடுத்தார்கள். மற்ற தட்டுகளில் இருந்தும் செடிகள் வந்தன. கடைசியில் கண்ணாடியே தெரியவில்லை; முள் மட்டுமே தெரிந்தது.

"இது பெருசா வளருமா மிஸ்?" என்று கேட்டாள். அன்று என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இது வளராதும்மா. சப்பாத்திக்கள்ளி ஆள் உயரம் வளரும்."

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக அப்பா வந்தார். தக்காளித் தோட்டத்தில் வேலை செய்பவர். மகள் அந்தத் தட்டின் முன் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். சப்பாத்திக்கள்ளி ஆள் உயரம் வளருமாம் என்றாள். "எங்க வூட்டுக்குப் பின்னால நெறையக் கெடக்குதுங்க இந்த சப்பாத்திக்கள்ளி" என்றார். "எப்புடி நடணும்னு மட்டும் சொல்லுங்க."

மடலை வெட்டியதும் நடக்கூடாது, வெட்டுவாய் காயும் வரை நிழலில் போட வேண்டும், இல்லாவிட்டால் அழுகும் என்றேன். ஆகவே இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது பயணம்.

ஊராட்சியில் சொல்லிவிட்டு இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். குவாரிக் குழியின் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளிக் கயிறு கட்டி, பெரியவர்கள் மட்டும் கடப்பாரையால் குழி போட்டார்கள். பிள்ளைகள் ரோட்டைத் தாண்டக் கூடாது என்று சுமதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பவித்ராவின் அம்மா வரவில்லை. பவித்ரா ரோட்டில் கள்ளிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, மடித்த செய்தித்தாளால் ஒவ்வொரு மடலாகப் பிடித்து எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர்ப் பக்கம் திரும்பவில்லை. ஒரே ஒரு முறைதான் அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்.

"கிட்டக் கிட்ட நடுங்கப்பா. சந்து உடாதீங்க!"

அவர் குனிந்தபடியே தலையை ஆட்டினார். நட்டுவிட்டு வந்த இடத்துக்கே திரும்பிப் போய், இரண்டு மடல்களுக்கு நடுவில் இன்னொன்றை நட்டார்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மாரண்டஹள்ளியில் இருந்து பாலக்கோட்டுக்கும் ஓசூருக்கும் பஸ் உண்டு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. குவாரித் தண்ணீரில் காலைக்கூட நனைக்காதீர்கள். கரையில் நின்றால் ஆழம் தெரியாது. பிள்ளைகளுக்குக் கள்ளி சொல்லிக் கொடுக்கப் போனால் இடுக்கியும் பழைய செய்தித்தாளும் போதும். பால் வடியும் கள்ளிகளைத் தவிர்த்துவிடுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. யாராவது ஒரு பிள்ளை நீங்கள் சொன்னதற்கு மாறாகச் செய்தால், முடிக்கும் வரை காத்திருங்கள்.

ஆடி மாதத்தில் மறுபடி போனேன். சில மடல்கள் அழுகியிருந்தன; அந்த இடங்களை முள் வெட்டி அடைத்திருந்தார்கள். மற்றவை துளிர்த்து முழங்கால் உயரம் வந்திருந்தன. வேலி என்று சொல்ல இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும். பள்ளியில் பவித்ராவிடம், அவள் செய்த தட்டை வீட்டுக்கு எடுத்துப் போகிறாயா என்று கேட்டேன்.

"வேணாங்க மிஸ். ஒண்ணாவது பசங்க ரூம்ல வெச்சிருக்குது" என்றாள். "அவங்க பாக்கட்டும்."