மானிட்டருக்குப் போர்த்திய துணி

மாடிப்படியில் காலடி கேட்டதும் தணிகாசலத்தின் கை அரக்குத் துணியைத் தேடும். ஒரே இழுப்பில் மானிட்டரை மூடிவிட்டுத்தான் திரும்புவார், "யாருபா?" என்பார். வந்தவர் பால்காரராக இருந்தாலும் இதே மரியாதைதான். கீழ்த்தளத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் எனக்கும் விலக்குக் கிடையாது. போதாததற்கு மானிட்டரைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்து, நடுவில் நாற்காலியைச் செருகி உட்கார்ந்திருப்பார்.

காஞ்சிபுரத்தில் இதைப் பைத்தியம் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு வைத்திருக்கும் புது டிசைன் முன்னாலேயே வெளியே போனால் பக்கத்துத் தெருத் தறியில் அதுதான் ஓடும். முசரவாக்கத்துக்காரரான தணிகாசலம் பல வருடம் பட்டுக்கடைகளுக்குக் கட்டம் போட்ட தாளில் புடவைக்கான புட்டாப் பூக்கள் வரைந்தவர். இந்த இரண்டாயிரத்து நான்கில் அதே கடைகளுக்கு வெப்சைட் செய்து தருகிறார். தொழில் மாறினாலும் பயம் கூடவே வந்துவிட்டது.

வேலை அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வடிவு அம்மாளின் பட்டுக்கடைக்குச் செய்த சைட்டைத் திறந்தால் முதலில் நாதஸ்வரம் கேட்கும். முந்தானை மெல்ல விரியும், யாளிகள் ஒவ்வொன்றாகக் கண் திறக்கும். கடைப் பெயர், விலாசம், புடவை விவரம் எல்லாமே வரைந்த படங்கள். "எழுத்தா போட்டா உருவிக்கினு பூடுவானுங்கபா. படமா இருந்தா ஒரு புள்ளியகூட பிச்சிக்க முடியாது" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் 'களவு செய்யாதே' என்று பலகை எழும்பும். சும்மா தொட்டுப் பார்த்த எனக்கே ஜாமீன் வாங்க வேண்டும் போலிருந்தது.

போன மாதம் வடிவு அம்மாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அவர் கடை சந்துக்குள் இருக்கிறது. பஸ்ஸில் இறங்குகிறவர்களைப் புரோக்கர்கள் பெரிய கடைகளுக்கு ஓட்டிப் போய்விடுவதால் இந்த சைட்டைத்தான் அவர் மலைபோல் நம்பியிருந்தார்.

"இன்னாபா தணிகாசலம், சிங்கப்பூர்ல மச்சாண்டார் பொண்ணு கம்ப்யூட்டர்ல தேடித் தேடிப் பாத்துச்சாம். ஊர்ல இருக்கிற கடையெல்லாம் வருதாம், நம்ம கடை மட்டும் காணோமாம்."

"அட்ரஸ் அடிச்சா வருமேமா."

"அட்ரஸ் தெரிஞ்சவங்க எதுக்குபா தேடணும்? ஆடி போனா முகூர்த்தம் ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள வரலன்னா மெட்ராஸ்ல ஆள் பாத்துக்கறேன்."

"தேடிக் குடுக்கிற கம்பெனிக்காரன் மெஷின அனுப்பி எல்லா சைட்டையும் படிச்சிக்கினு இருக்கான்மா. நான் வுடுவனா? அதுக்குன்னே ஒரு ஃபைல் போட்டு, வாசல்லயே 'உள்ள வராத'ன்னு எழுதி வெச்சிருக்கேன்" என்றார் தணிகாசலம் பெருமையாக. சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. அந்த மெஷின் படித்தால்தானே தேடுகிறவருக்குக் காட்டும்? உள்ளே விட்டாலும் அது படிக்க எழுத்து எங்கே இருக்கிறது? திருடனுக்கென்று போட்ட பூட்டு வாடிக்கையாளரையும் தெருவில் நிறுத்திவிட்டது.

மெட்ராஸ் என்ற சொல் அவரை நன்றாகவே குத்திவிட்டது. அன்றே வாசல் தடையை எடுத்தார். படமாக இருந்த, தனி நிறத்தில் நெய்து உடலோடு கோத்த கோர்வைக் கரையையும் மாம்பழ புட்டாவையும் எழுத்தில் விளக்கி, உட்கார்ந்து அடித்தார். எழுத்துக்கு இடம் விட்டு, விரியும் முந்தானையை வேண்டியவர்கள் மட்டும் அழுத்திப் பார்க்கும்படி ஓரத்துக்குத் தள்ளும்போதுதான் தடுமாறினார். "பொண்ணக் கட்டிக்குடுத்து அனுப்பற மாதிரி இருக்குதுபா." எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

பிறகு காத்திருந்தார். விரட்டியடித்த மெஷினை இப்போது சம்பந்தி வீட்டாரைப் போல எதிர்பார்த்தார். நேற்று மாடியிலிருந்து ஒரு கூச்சல். ஓடினேன். தேடும் பெட்டியில் காஞ்சிபுரம் கோர்வைப் புடவை என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். முதல் பக்கத்திலேயே வடிவு அம்மாளின் கடை.

"மெட்ராஸ்காரன் இல்லபா, முசரவாக்கத்தான்!" என்று மார்பில் தட்டிக்கொண்டார். நான் ஒன்றுமே செய்யவில்லை, ஆனாலும் என் நெஞ்சும் நிமிர்ந்தது. எங்கள் கட்டடத்து மாடியிலிருந்து கிளம்பிய பெயர் அல்லவா!

கூச்சல் வடிவு அம்மாளின் கடைவரை கேட்டிருக்க வேண்டும். படியில் காலடியும் மூச்சிரைப்பும் ஏறி வந்தன. பழக்கத்தில் தணிகாசலத்தின் கை துணிக்குப் போனது. எடுத்தார். மானிட்டரின் கண்ணாடியை அதனால் அழுத்தித் துடைத்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கனத்த பெட்டியை இரு கையாலும் அணைத்து வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.