சந்தனப் பொட்டு வைத்த படிகம்

லேசர் ஆராய்ச்சி செய்கிறவள் ஆயுத பூசைக்கு எதைக் கொண்டுவந்து வைப்பாள்? கந்தர்வக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவின் டிராக்டர், மருந்தடிக்கிற ஸ்பிரேயர், மண்வெட்டி எல்லாம் குளித்து முழுகி வரிசையில் நின்றன. என் பங்குக்கு நானும் ஒரு சின்ன டப்பாவை வைத்தேன்.

உள்ளே புளியங்கொட்டை அளவில் ஒரு படிகம். இட்டர்பியம் என்ற உலோகம் கலந்து வளர்த்தது. மெருகு போட்டு வாங்கிக்கொண்டு திருச்சி ஆய்வகத்துக்குத் திரும்புகிற வழியில் வீட்டில் இறங்கியிருந்தேன். நொடியைக் கோடானுகோடியாக நறுக்கினால் கிடைக்கும் துணுக்கு நேரமே நீடிக்கிற லேசர் துடிப்பு, இந்தப் படிகத்துக்குள் திரும்பத் திரும்பப் போய்வந்தால் பல மடங்கு வலுவாகிவிடும். என்னிடம் இருந்தது இது ஒன்றுதான். என் முனைவர் பட்டமே அந்த டப்பாவுக்குள் இருந்தது.

அம்மா டப்பாவுக்குத்தான் பொட்டு வைப்பார் என்று நினைத்துக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் படிகம் வெளியே, சந்தனமும் குங்குமமுமாக ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"டப்பாவா வேலை செய்யிது? கல்லுதானடி செய்யிது!" என்றார் அம்மா.

"பளபளப்பான பக்கத்துல வெரல் பட்டிருந்தாலே போச்சும்மா. லேசர் பட்டதும் பொசுங்கிரும். என் படிப்பே போயிரும்!"

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "அந்தப் பக்கம் வைக்க மனசு வரலடி. ஓரத்துலதான் வச்சேன்."

துடைக்கப் போன என்னை அப்பா தடுத்தார். "பூசையில வச்சத நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்." ராத்திரி முழுக்கச் சந்தனம் காய்ந்தது. நானும் காய்ந்தேன்.

விடிந்ததும் முதல் பஸ். ஆய்வகத்தில் மற்றதெல்லாம் தயாராக இருந்தது. கூட ஆராய்ச்சி செய்கிற தோழியும் நானும் ஓரத்துச் சந்தனத்தைக் கழுவி, மெருகுப் பக்கங்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். கறை எதுவும் தெரியவில்லை. படிகத்தைப் பொருத்தி லேசரைத் திறந்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒளி அது, மீட்டரைத்தான் நம்ப வேண்டும். மீட்டரில் எண் ஏறியது. மேலும் ஏறியது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதுவரை அனுபவித்ததில்லை.

அம்மாவுக்கு ஃபோன் போட்டபோது சாயங்காலம் மணி நாலு. "அம்மா, ஓடுதும்மா! ஒண்ணும் ஆகல!"

ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே அம்மா கத்தினார்.

"ஏங்க, மத்தியானச் சோத்துக்கு இப்ப எலையப் போடுறேன், சாப்புட வாங்க! கல்லு ஓடுதாம்!"