வாங்க வராதவர்களின் ரேடியோக்கள்

ரேடியோ ரிப்பேர் தொழிலில் கெட்டுப்போன பெட்டியைவிட, சரியான பிறகும் வாங்க ஆள் வராத பெட்டிதான் அதிகத் தொல்லை. கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏற்காட்டில் என் அலமாரியில் அப்படி எப்போதும் ஏழெட்டு இருக்கும்.

பலகை

இடம் போதாமல் ஒருநாள் பலகை எழுதி மாட்டினேன்: ‘மூன்று மாதத்துக்குமேல் நாங்கள் பொறுப்பல்ல.’ ஏதோ சட்டமே போட்டுவிட்ட நிம்மதி. பக்கத்து டீக்கடைக்காரர் கிளாசும் கையுமாக வந்து இரண்டு முறை படித்தார்.

“ஏனுங்க, அப்பறம் யாருங்க பொறுப்பு?”

டெஸ்ட் மேட்ச்

மிஷன் பள்ளி டீச்சரம்மா ஒருவர் டிரான்சிஸ்டரைக் கொடுத்தார். கூலியையும் அப்போதே கொடுத்துவிட்டார். சரியாகி ஒரு வாரமாகியும் வரவில்லை. ஏரிக்கரையில் பார்த்து நினைவூட்டினேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எங்க ஊட்டுக்காரர் வந்து கேட்டா இன்னும் ரெடியாகலைன்னு சொல்லுங்கண்ணா. டெஸ்ட் மேட்ச் முடியட்டும்.”

ஸ்பீக்கர்

வராததற்கு மறதி, அலட்சியம் தவிர வேறு காரணமும் இருக்கும் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மாரமங்கலத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து ராமன் என்ற விவசாயி யாரிடமோ பழசாக வாங்கி ரிப்பேருக்குக் கொடுத்த, கரண்டில் ஓடும் பெரிய ரேடியோ இரண்டு வருடமாக அலமாரியில் இருந்தது. ஏன் வரவில்லை என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

ஒரு மழைக்காலம். மலைப்பாதை சரிந்து சேலத்துக்குப் பஸ் இல்லை. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் தன் ரேடியோவுக்கு உடனே ஸ்பீக்கர் வேண்டுமென்றார். ராமனுடையதைக் கழற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பதினைந்தாம் நாள் ராமன் வந்து நின்றார், சவரம் செய்து, வெளுத்த சட்டையோடு.

“குடுங்க. நாளைக்கு எங்கூருக்குக் கரண்டு வருதுங்க. ஊரே எங்க ஊட்டு வாசல்லதான் பாட்டுக் கேக்கப் போவுது.”

“ரெண்டு வருசமா ஆளையே காணோமேங்க?”

“கம்பம் நட்டப்பவே ரிப்பேருக்குக் குடுத்துட்டேன். கம்பி வல்லீன்னா நானென்ன பண்ணட்டுங்க?”

நடந்ததைச் சொன்னேன். பெட்டியைத் திருப்பி, உள்ளே இருந்த வட்ட ஓட்டையையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊட்டுல வெச்சா எலி கடிச்சுப்போடும்னுதானுங்க உங்ககிட்டக் குடுத்து வெச்சேன். இங்கயும் எலி இருக்குதுன்னு தெரியாமப் போச்சுங்க.”

என் வீட்டுப் பெட்டி

அவருடைய பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கடைக்குப் பின்னால்தான் என் வீடு. வீட்டு ரேடியோவிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி அவருடையதில் பொருத்தினேன். சற்றே பெரியது, ஓட்டையை அராவ வேண்டியிருந்தது. பாட்டு வந்ததும் அவர் முகம் தெளிந்தது. மன்னிப்புக் கேட்டேன்; கேட்டது பொருளை எடுத்ததற்கா, இரண்டு வருடம் அவரைப் பற்றி எதுவும் கேட்காததற்கா என்று எனக்கே விளங்கவில்லை. பெட்டியைத் துண்டில் சுற்றித் தோளில் ஏற்றிக்கொண்டு படியில் நின்று சொன்னார்:

“உங்க ஊட்டு ரேடியோவ ஒரு நல்ல கடையாப் பாத்துக் குடுங்க.”

இப்போதெல்லாம் பெட்டியை வாங்கும்போதே எப்போது வேண்டும், எதற்கு வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். ரிப்பேரைவிட அதற்குத்தான் அதிக நேரமாகிறது.