ஏழு நிமிடம் பன்னிரண்டு விநாடி

என் கைப்பேசியில் ஏழு நிமிடம் பன்னிரண்டு விநாடி ஓடும் ஒரு குரல் பதிவு இருக்கிறது. போன ஆவணியில் புதுச்சத்திரத்திலிருந்து என் மனைவியின் அண்ணன் அனுப்பியது. மச்சான் முப்பது வருடம் ரிக் வண்டியோடு வடக்கே சுற்றி ஆழ்துளைக் கிணறு போட்டவர். எதையும் எடுத்தவுடன் சொல்லமாட்டார். இந்தப் பதிவிலும் மழையில் ஆரம்பித்து, நோஞ்சானாகப் பிறந்த ஆட்டுக்குட்டி, கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்த கதை என்று போய்க் கடைசியில்தான் விஷயத்துக்கு வருகிறார். "சுருக்கமாச் சொல்லேண்ணா, காது வலிக்குது" என்று என் மனைவி சீண்டுவாள். "தண்ணி என்ன மேலயேவா கெடக்குது? எறங்கத்தான் வேணும்" என்பார்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். வகுப்பில் ஜன்னலைப் பார்க்கும் மாணவனை எழுப்பி நிறுத்துவேன். ஓய்வுக்குப் பிறகு மகள் வாங்கித் தந்த கைப்பேசியில் ரீல்ஸ் பார்க்கத் தொடங்கினேன். பரோட்டா வீசும் ஒருவர், குளிக்க மறுக்கும் நாய், மூளையைப் பற்றி அரை நிமிடத்தில் எல்லாம் சொல்லிவிடும் ஓர் இளைஞர். மூன்று விநாடிக்குள் பிடிக்கவில்லையென்றால் விரலால் தள்ளிவிடுவேன். ஒரு வருடத்தில், நாளிதழின் தலையங்கத்தைக்கூட முடிக்க முடியாதவன் ஆனேன். அது எனக்குக் குறையாகப் படவில்லை. பொழுது நன்றாகப் போகிறது என்றே நினைத்தேன். மனைவி பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு நான் நிமிர்வதற்காகக் காத்திருப்பாள். பிறகு எழுந்து போய்விடுவாள்.

மச்சானின் பதிவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டேன். ஆட்டுக்குட்டி வரை கேட்டேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் பரோட்டாவுக்குத் திரும்பினேன்.

மூன்று வாரம் கழித்து உறவினர் வீட்டுக் காதுகுத்தில் என்னைத் தனியே அழைத்தார். "எப்பங்க மாப்ள போலாம்? வேட்டியெல்லாம் தேச்சு வெச்சுட்டு ஒக்காந்திருக்கறேன்." எங்கே என்று கேட்டேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

மண்டபத்துக்கு வெளியே வந்து பதிவை முழுதும் கேட்டேன். ஆறாவது நிமிடத்தில் அது இருந்தது. "அப்பறம் ஒண்ணுங்க மாப்ள. சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணுல ஓரமா கறுப்புத் துணி எறங்குறாப்ல இருக்குதுங்க. பையன் ரிக்கோட வடக்க கெடக்கறான். சேலத்துல உங்களுக்குத் தெரிஞ்ச கண்ணு டாக்டர் இருந்தா ஒரு நாள் கூட வாங்க. ஊசின்னா எனக்குக் கொஞ்சம் பயமுங்க."

மறுநாளே அழைத்துப் போனேன். விழித்திரை பிரிந்து நாளாகிவிட்டது, அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்றார் மருத்துவர். ஏன் உடனே வரவில்லை என்று கேட்டார். "நாந்தானுங்க அசால்ட்டா உட்டுட்டேன்" என்றார் மச்சான். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். திருத்தவில்லை.

ஒரு வாரம் பொறுத்து அவரிடம் உண்மையைச் சொன்னேன். "நீட்டி நீட்டிப் பேசுனது என் தப்புங்க" என்றார். அதில் கேலி இல்லை.

ரீல்ஸ் செயலியை அழித்துவிட்டேன். அதனால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. நேற்று மச்சானிடமிருந்து ஒரு பதிவு வந்தது. "நல்லாருக்கறனுங்க மாப்ள, வெச்சர்றேன்." நான்கு விநாடி. இப்போதெல்லாம் இவ்வளவுதான் பேசுகிறார். பழைய பதிவைத் திறந்து, அவருடைய வேகத்திலேயே, ரசம் தீர்ந்தது வரை கேட்டேன். பிறகு, அந்த ஆட்டுக்குட்டி என்ன ஆனது என்று கேட்டு அனுப்பினேன்.

"பொழச்சுக்கிச்சுங்க" என்று பதில் வந்தது. இரண்டு விநாடி.