ஒரு பக்கக் கட்டை

ஈரச் சாக்கை இழுகம்பியின் நடுவில் போட்டுவிட்டு, மச்சான் கையைத் தொடையில் துடைத்துக்கொள்வார். அவரை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது அதுதான். கம்பி அறுந்தால் சாட்டை மாதிரி வீசும். மேலே சாக்கு கிடந்தால் வேகம் அமுங்கும். மச்சான் என் மனைவியின் அண்ணன். செல்லூரில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே சந்து. ரோட்டோரம் கெட்டு நிற்கிற, கவிழ்ந்து கிடக்கிற வண்டிகளை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவருவது எங்கள் பிழைப்பு. கம்பியைச் சுற்றி இழுக்கிற விஞ்ச்சு அவர் கையில். சக்கரத்துக்குப் பின்னால் மரக்கட்டை வைப்பது என் வேலை. ஏறும் வண்டிக்குள் யாரையும் உட்கார விடமாட்டார். பின்னால் யாரையும் நிற்க விடமாட்டார். விறைத்து நிற்கிற கம்பியைத் தாண்டிக் கால் வைக்கவே மாட்டார். வண்டியைப் பாதியில் நிறுத்தினால் "கட்டை?" என்று கேட்பார். நான் "ஆச்சு" என்பேன். பன்னிரண்டு வருடம் அவ்வளவுதான் பேச்சு.

அன்றைக்கு எழுமலை ரோட்டில் ஒரு சின்னப் பாலத்துப் பக்கம் சரக்கு வேன் ஒன்று ஓடைக்குள் இறங்கிக் கிடந்தது. ஓட்டிய பையனுக்குக் கையில் மட்டும் அடி. வேனை மேலே இழுத்து, டிரெய்லரின் சாய்பலகையில் முன்சக்கரத்தை ஏற்றிவிட்டோம். கூட்டம் சேர்ந்துவிட்டது. "அண்ணே, அம்புட்டுப் பேரும் சேந்து தள்ளுனா ஒரே மூச்சுல ஏறிரும்" என்றான் ஒருவன். "நீங்க சும்மா நிக்கிறதே பெரிய ஒதவிப்பா" என்றார் மச்சான். அப்போதுதான் பையனின் அம்மா மடியில் எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தாள். நாலு சக்கரத்திலும் பழம் நசுங்காமல் வண்டி அந்த இடத்தை விட்டு நகரக் கூடாதாம்.

"கெட்டது கூடவே வரும்யா."

"வந்தா வரட்டும் ஆத்தா. டிரெய்லர்ல எடம் கெடக்கு" என்றார் மச்சான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விஞ்ச்சை நிறுத்தினார். பழத்தை அவரே வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்து "கட்டை?" என்றார்.

இடப்பக்கம் வைத்திருந்தேன். வலப்பக்கத்துக் கட்டை இன்னும் டிரெய்லரில் கிடந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தேன். எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது என்று நினைத்து "ஆச்சு" என்றேன்.

இடப்பக்கச் சக்கரங்களுக்குப் பழம் வைத்தார். வலப்பக்கம் போக முன்னால் கம்பி குறுக்கே நின்றது. அதைத் தாண்டமாட்டார் அல்லவா, பின்பக்கமாகச் சுற்றினார். கட்டை இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் சுற்றினார். கம்பியின் கொக்கியை மாட்டியிருந்த வளையம், வேன் ஓடையில் விழுந்தபோதே விரிசல் விட்டிருக்கிறது. அது பிய்த்துக்கொண்டது. இடப்பக்கம் கட்டையில் நிற்க, வலப்பக்கம் மட்டும் திரும்பி இறங்கிய வேன், மச்சானைப் பாலத்துச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. எல்லோரும் அவரைத் தூக்க ஓடினார்கள். நானும் ஓடினேன். டிரெய்லரிலேயே கிடந்த கட்டையை யாரும் பார்க்கவில்லை.

இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வே இல்லாமல் போனது. மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். தினமும் சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்காருவேன், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். அவர் எந்த ஊர் வண்டி, என்ன கோளாறு என்று கேட்பார். சொல்வேன். என் மனைவி அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டும்போது அந்தப் பழக்காரியைச் சபிக்காத நாள் இல்லை. "விடு தாயி, அது புள்ளைக்காகச் செஞ்சுச்சு" என்பார். கட்டையைப் பற்றி என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. தெரிந்து கேட்கவில்லையா, தெரியாமல் கேட்கவில்லையா, எனக்குத் தெரியாது. போன தையில் போய்ச் சேர்ந்தார்.

துட்டி கேட்க அந்தப் பையனின் அம்மாவும் வந்தாள். எழுமலையிலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்திருந்தாள். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அந்த அம்மா என்னிடம் வந்தாள்.

"நீதானய்யா பக்கத்துல நின்ன. நான் பழம் வைக்கச் சொல்லாட்டி அவரு பொழைச்சிருப்பாருல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

போன மாதம் பேரையூருக்குக் கொண்டுபோக ஒரு ஜீப்பை ஏற்ற எழுமலை போனேன். அவள் தெருவாகவே அமைந்தது. அன்றைக்கு வேன் ஓட்டிய பையன் வந்து, தான் யார் என்று சொன்னான். அம்மா எங்கே என்று கேட்டேன்.

"வெளிய வராதுண்ணே. நான் வண்டி எடுக்கையில கண்ண மூடிக்கிட்டு உள்ள ஒக்காந்துக்கும். தன்னால இன்னொரு உசுரு போயிரக் கூடாதாம்."

கதவு திறந்துதான் இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் நீட்டிய இரண்டு கால் தெரிந்தது. நாலு எட்டு வைத்தால் வாசல். அவன் செம்பில் தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு டிரெய்லரை எடுத்தேன்.