பதினோராவது மிட்டாய்

மீனாட்சியம்மாளைப் பற்றி எழுத என்னைவிட்டால் ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தாராவியில் ஒற்றை அடுப்பில் தொடங்கி, இன்று நவி மும்பை வாஷியில் ஒரு பெரிய கம்பெனியின் குடோன் வரைக்கும் கடலை மிட்டாய் அனுப்புகிறேன். ஆளைப் பார்த்தாலே எடை சொல்லிவிடுவேன்.

அவள் என் பட்டறையில் பாக்கெட் போடுகிறவள். சங்கரன்கோவில் பக்கம் அவள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கால் கிலோ துவரை வாங்கினாலும் மேலே ஒரு பிடி கொசுறு விழுமாம். அந்தக் கைதான் மகளுக்கும் வாய்த்தது. லேபிளில் பத்து மிட்டாய், இருநூறு கிராம் என்று இருக்கும். இவள் பதினொன்று போடுவாள். எனக்குத் தெரிந்துதான் நடந்தது. நம் சரக்குக்குக் கிராக்கி வந்ததே அதனால்தான் என்று நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

தீபாவளி நெருங்கும்போது வாஷி குடோனில் சரக்கைச் சோதிக்கப் புதிதாக வந்த மெஹக் என்ற பெண் போன் செய்தாள். பெட்டிகள் லேபிளில் உள்ளதைவிடக் கூடுதல் எடை காட்டுகின்றனவாம். எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் எடுப்பார்களாம். சாயங்காலத்துக்குள் சரி செய்யாவிட்டால் லோடு திரும்பிவிடும், தீபாவளி ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

மீனாட்சியம்மாளையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு குடோனுக்குப் போனேன். ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்து ஒரு மிட்டாயை வெளியே எடு என்றேன். அவள் அசையவில்லை.

"போட்டத எடுக்கதுக்கு எனக்குக் கை வராது அண்ணாச்சி. வேணும்னா நீங்க எடுங்க."

"லோடு திரும்புனா பொங்கல் வரைக்கும் நாம ரெண்டு பேரும் மிட்டாய்தான் திங்கணும், பாத்துக்க."

"திங்கலாம். நல்ல மிட்டாய்தான."

வந்த கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. படித்தவனுக்கும் சட்டென்று வராத யோசனை. பதினொன்று என்றே எழுதிவிட்டால் என்ன என்று மெஹக்கிடம் இந்தியில் கேட்டேன். எத்தனை என்றாலும் சரி, எழுதியபடி இருக்க வேண்டும், ஆனால் பழைய லேபிளின் மேல் ஒட்டக் கூடாது, உரித்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்றாள்.

பக்கத்துப் பிரஸ்ஸில் பாக்கெட்டுக்கும் பெட்டிக்கும் புது லேபிள் அடித்து வந்தேன். பதினொரு மிட்டாய், இருநூற்று இருபது கிராம். விலையில் கை வைக்கவில்லை. மீனாட்சியம்மாள் நகத்தால் கிழியாமல் உரித்துக் கொடுக்க, நான் ஒட்டினேன். இருட்டும் முன்பே லோடு உள்ளே போய்விட்டது.

மறுநாள் பட்டறையில் பதினொன்றை அடுக்கியவள், பன்னிரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்போ கொசுறு?"

"ஒன் வாயில போடு," என்றேன்.

போட்டுக்கொண்டு, அடுத்த பாக்கெட்டை எடுத்தாள்.