அம்மாவால் திறக்க முடியாத கருவி

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்து. மருத்துவமனை அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது அம்மாவின் போர்வைமேல் கிடந்த தாள். "வலிக்கிறதா?" என்று தமிழ்த் தாதி பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். அம்மா ஐந்து நிமிடம் முன்பு காலமாகியிருந்தார்.

அம்மா செம்பவாங்கில், கப்பல் பட்டறைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். பதினெட்டு வயதில் ஜூரோங் மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். பூதக்கண்ணாடிக்குக் கீழே மெல்லிய கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வேலை. அப்பா சீக்கிரமே மறைந்தார். அக்காவும் நானும் அந்தச் சம்பளத்தில்தான் படித்தோம். எங்கள் புக்கிட் மேரா வீட்டுக்கு அண்டை அயலார் கொண்டுவந்த வானொலி, ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் அம்மா பழுதுபார்த்துக் கொடுத்தார். காது மந்தமானபின் தம் காதுக் கருவியையும் தாமே பிரித்துச் சரிசெய்துகொண்டார்.

"பெருசா இருந்தா என்னடா? ஸ்குரு இருக்குல்ல," என்பார்.

அந்தப் பழைய பெரிய கருவியைத் தேக்காவில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு, சிறிதாகப் புதியது வாங்கிவந்தவன் நான். அம்மாவிடம் கேட்கவில்லை. புதியதில் தெளிவாகக் கேட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில் அது நின்றுபோனது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒட்டிட்டாங்கடா. கடைசில எங்க லைன்லயும் இதான் வேலை, பசை போட்டு மூடறது."

நீங்களுமா என்பதுபோல் விரலை நீட்டினேன்.

"ஆமாலா! நான் மூடுனா எவனாலயும் திறக்க முடியாது," என்று சிரித்தார்.

அந்த வகைக்கு உதிரிபாகமே வருவதில்லை, வேறு வாங்குங்கள் என்றது கடை. வேலை மும்முரத்தில் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அதற்குள் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது.

அறுவை சிகிச்சையா, வீடா என்று அம்மாவிடமே கேட்கச் சொன்னார் மருத்துவர். "ஆபரேஷன் செய்யலாமா, வீட்டுக்குப் போகலாமா?" என்று ஒரே வரியில் எழுதிக் காட்டினேன். அம்மா தலையசைத்தார். சிகிச்சைக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்திட்டேன். அறுவை சிகிச்சைக்குப்பின் அம்மா கண் விழிக்கவில்லை.

இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த உறவினர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், ஜூரோங்கிலிருந்து வந்த அம்மாவின் தோழியருக்கும் எங்கள் நன்றி. கண் திறந்தால் கேட்க வேண்டுமென்று அந்தத் தாளை எழுதிவைத்திருந்த தாதிக்கும் நன்றி. அம்மாவின் பையை எங்களிடம் ஒப்படைத்தவர் அவர்தான். சிகிச்சைக்கு முந்தைய மாலை அம்மாவே துணிகளை மடித்து அதில் அடுக்கினாராம். வீட்டுச் சாவி எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.